மேலுதடு

ஜன்னல் கொக்கி துருப்பிடித்துக் கிடந்தது. தேயா உள்ளங்கையால் ஓங்கி இரண்டு குத்துக் குத்திய பிறகுதான் அது வழிக்கு வந்தது. செத்தவரின் உயிர் வெளியே போக வழி விடவேண்டுமே! ஜெர்மனியில், வெஸ்ட்ஃபாலியாவின் அந்தச் சின்ன ஊரில், கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன் வீட்டில்கூட இந்த ஒரு சடங்கு தப்பாது. மார்ச் மாதக் குளிர் உள்ளே வந்தது. கட்டிலில் அவள் அப்பா கஸ்பார் வெஸ்லிங் கிடந்தார். பெரிய நரைமீசை, கீழுதட்டையும் மூடிக்கொண்டு, வீட்டுக்கூரை மாதிரி சரிந்திருந்தது. அவர் குடிக்கும் சூப்பில் பாதி வயிற்றுக்கு, பாதி மீசைக்கு என்று அந்தத் தெருவே முப்பது வருஷமாகக் கேலி பேசியிருக்கிறது.

டாக்டர் நுரையீரல் என்று எழுதிக் கொடுத்தார். தெருவில் வேறு மாதிரிச் சொன்னார்கள். முந்தின நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு ரேடியோ சுவரைத் தாண்டி அலறியது. பெர்லினில் நாடாளுமன்றம் கூடி, இனிமேல் சட்டம் போடும் வேலை எங்களுக்கு வேண்டாம், புதுசாகப் பதவிக்கு வந்த அந்தச் சான்சலரே போட்டுக்கொள்ளட்டும் என்று வாக்களித்துத் தன் அதிகாரத்தைத் தாரை வார்த்துவிட்டது. கஸ்பாரின் சோஷலிஸ்ட் கட்சிக்காரர்கள் மட்டும்தான் மாட்டேன் என்றார்கள். படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்த கஸ்பார், "பிடுங்கிக்கிட்டாங்கன்னாலும் பரவாயில்ல. வெத்தலைபாக்கு வச்சுல்ல குடுத்திருக்கானுங்க" என்கிற அர்த்தத்தில் அவர் பாஷையில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

சாவு விழுந்தால் வலப்பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். சவத்தைக் குளிப்பாட்டுவது, முகம் மழிப்பது, பெட்டி சொல்வது, தூக்குவதற்கு ஆறு பேரைக் கூட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. சாவு வீட்டார் சவத்தைத் தொடக்கூடாது. தாத்தன் காலத்து ஏற்பாடு; சண்டைக்காரனாக இருந்தாலும் மாற்ற முடியாது. தேயாவின் வலப்பக்கத்து வீட்டுக்காரர் நாவிதர் ஃபீட்லர்.

ஃபீட்லரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். போன வருஷம் வரை கஸ்பாரும் அவரும் ஒன்றாகத்தான் குடியரசுக்கு ஊர்வலம் போனார்கள். கறுப்பு, சிவப்பு, பொன் நிறக் கொடியைப் பிடிப்பதில் யார் முந்துவது என்று இரண்டு கிழங்களுக்கும் போட்டி. மார்ச் தேர்தல் முடிந்த மறுவாரமே ஃபீட்லர் அந்தச் சான்சலரின் கட்சிக்காரர்கள் போடும் பழுப்புச் சட்டை தைத்துக்கொண்டார். இப்படித் திடீர் திடீரென்று முளைத்தவர்களுக்கு ஊரில் 'மார்ச் மாத வயலட் பூ' என்று பெயர். பூவுக்கு வாசனை உண்டு. ஃபீட்லரிடம் புது பெல்ட்டின் தோல் நாற்றம்தான்.

"ஐயோ கஸ்பார்!" என்று அவர் நிஜமாகவே அழுதுகொண்டுதான் வந்தார். கண்ணைத் துடைத்த கையில் ஸ்வஸ்திகா பட்டை. "நீ ஒண்ணும் கவலப்படாதே தேயாம்மா. எல்லாம் நான் பாத்துக்கிறேன். உங்கப்பனுக்கும் எனக்கும் அரசியல் வேற, மொறை வேற."

"சட்டைய மாத்திட்டு வரலாமே மாமா."

"இதுதாம்மா இப்ப என் நல்ல சட்ட" என்றார் ஃபீட்லர்.

அவர் மனைவி மின்னா தேயாவைக் கையைப் பிடித்துச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். சாவு வீட்டுப் பெண் சவ அறையில் நிற்கக்கூடாதாம். "நீ காப்பியப் போடு. நாலு மணிக்குத் தெருவே பாக்க வரும்."

தேயா அடுப்பு மூட்டினாள். அடுப்பிலிருந்து இன்னும் கம்பளி கருகிய நாற்றம் போகவில்லை. திங்கட்கிழமை அவள் புருஷன் எமில், கஸ்பாரின் குடியரசுக் கொடியை அதில் போட்டுக் கொளுத்தியிருந்தான். எமில் தபால் ஆபீஸ் குமாஸ்தா. சர்க்கார் சம்பளம். சந்தேகத்துக்கு ஆளானவர்களின் வீடுகளில் சோதனை போடுகிறார்கள் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்களாம். "என்னம்மா கருகுது?" என்று உள்ளிருந்து அப்பா கேட்டார். "உருளைக்கிழங்குப்பா" என்றாள் தேயா. அவர் நம்பினாரா என்று தெரியாது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அப்பா போகும்போது அப்பாவாகவே போகட்டும், அது போதும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கொடி இல்லை. பாட்டும் கிடையாது; அவர் பாடிவந்த தொழிலாளர் பாடகர் சங்கம் தன்னைத் தானே கலைத்துக்கொண்டு, போன வாரம் வேறு பெயரில் வேறு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. மிஞ்சியது அந்த முகம் ஒன்றுதான்.

காப்பி கொதித்ததும் அவள் அறைக்குள் போனாள். ஃபீட்லர் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்பாவின் மீசையைக் காணோம். காணோம் என்று சொல்ல முடியாது. மூக்குக்கு நேர் கீழே, தபால்தலை அளவுக்கு ஒரு சதுரம் இருந்தது. இரண்டு பக்கமும் வழித்துச் சுத்தமாக இருந்தது. பெர்லின்காரரின் படத்தில் இருக்குமே, அச்சு அசல் அதே மாதிரி.

"நல்லா இளமையாத் தெரியறாருல்ல?" என்றாள் மின்னா.

"என்ன மாமா பண்ணி வச்சிருக்கீங்க?"

ஃபீட்லர் அப்போதுதான் பார்ப்பவர் போல் குனிந்து பார்த்தார். நடிக்கவில்லை. அதுதான் இன்னும் கேவலம். "அடடா... சத்தியமா வேணும்னு பண்ணலம்மா. ஒரு மாசமா வர்றவனெல்லாம் இதத்தான் கேக்கறான். பால்காரன், வாத்தியார், எல்லாரும். கை தானாப் போயிடுச்சு." கொஞ்சம் யோசித்தார். குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. நாலு மணிக்கு வர்றவங்க கண்ணுக்கு இது கெட்டதா படாது. கடைசில கிழவன் திருந்திட்டான்னுகூட நினைச்சுக்கலாம். எமிலோட உத்தியோகத்துக்கும்..."

தேயா திரும்பினாள். எமில் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான்.

"நீ எங்க இருந்தே?"

"இங்கதான்."

"இவ்வளவு நேரமுமா?"

"சோப்புக் கிண்ணத்தப் பிடிச்சிக்கிட்டு இருந்தேன்." அவன் கையில் அது இன்னும் இருந்தது. நுரை வற்றி, நரைமுடி ஒட்டிக்கொண்டிருந்தது. "செத்தவருக்கு என்ன தெரியப்போகுது, தேயா?"

தேயா ஃபீட்லரின் கையிலிருந்து கத்தியை வாங்கினாள். மின்னா, "ஐயையோ, தொடாதே, சாவு வீட்டுக்காரி தொட்டா அடுத்த சாவு இதே வீட்டுலதான்!" என்று வாயில் அடித்துக்கொண்டாள். அடுத்த ஒரு மாதத்துக்கு அந்தத் தெருவுக்கு இதைவிட நல்ல பேச்சு கிடைக்கவில்லை.

தேயாவுக்கு மழிக்கத் தெரியாது. எமிலிடமிருந்து கிண்ணத்தைப் பிடுங்கி, மிச்ச நுரையை விரலால் தொட்டு வைத்து, கோணல்மாணலாக வழித்தாள். ஒரு இடத்தில் கத்தி ஆழமாகவே பட்டது. ரத்தம் வரவில்லை. சதுரம் போனதும் கீழே மேலுதடு தெரிந்தது. வெயிலே படாமல், கட்டுப் பிரித்த புண் தோல் மாதிரி வெளுத்துச் சுருங்கிய உதடு. அவள் பிறந்ததிலிருந்து அதைப் பார்த்ததில்லை. இவர் யார் என்று ஒரு கணம் அவளுக்கே தோன்றியது.

நாலு மணிக்கு வந்தவர்களுக்கும் தோன்றியது. ரொட்டிக்கடைக்காரி வீடு மாறி வந்துவிட்டோமோ என்று வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "இவ்வளவு மெல்லிசான உதடா கஸ்பாருக்கு? இத வச்சிக்கிட்டா அவ்வளவு பேச்சுப் பேசினாரு!" என்றாள். யாரோ சிரித்தார்கள்.

மறுநாள் ஆறு பேர் வந்து பெட்டியைத் தூக்கினார்கள். நாலு பேர் பழுப்புச் சட்டை. மற்ற இரண்டு பேர், சட்டை தையற்காரனிடம் இருக்கிறது என்று ஃபீட்லரிடம் மன்னிப்புக் கேட்டது தேயாவின் காதில் விழுந்தது. முறையில் ஒரு குறையும் வைக்கவில்லை. மெதுவாக நடந்தார்கள், திருப்பத்தில் பெட்டி ஆடாமல் பார்த்துக்கொண்டார்கள். ஆறு பெல்ட்டில் நாலு மட்டும் கிறீச் கிறீச்சென்றது. குழிக்கரையில் ஃபீட்லரின் வலது கை விறைப்பாக மேலே போயிற்று. பின்னாலேயே மற்ற கைகளும். ஏதோ தீர்மானத்துக்கு ஓட்டெடுப்பு நடப்பது போல் இருந்தது. தேயா எமிலின் கையைப் பார்த்தாள். அது கோட்டுப் பையில் இருந்தது. பைக்குள்ளே அசைந்தது.

முறைப்படி தூக்கினவர்களுக்குப் சர்க்கரைப்பொடி தூவின வெண்ணெய் கேக்கும் காப்பியும் கொடுக்க வேண்டும். கொடுத்தாள். ஃபீட்லர் மூன்று துண்டு தின்றார். விரலில் ஒட்டின வெண்ணெயை நக்கிவிட்டு, "உங்கம்மா கைப்பக்குவம் அப்படியே இருக்கு தேயாம்மா" என்றார். அவர் உதட்டின் மேலும் இருந்த அதே சதுர மீசையில் சர்க்கரை ஒட்டியிருந்தது. தேயா அதைச் சொல்லவில்லை. அவர் போன பிறகு அந்தத் தட்டை இரண்டு தடவை கழுவினாள். அப்புறமும் அதை அலமாரியில் வைக்க மனம் வரவில்லை. கோழிக்குத் தண்ணீர் வைக்கக் கொல்லையில் போட்டாள்.

திங்கட்கிழமை காலை எமில் சீக்கிரமே எழுந்து ஆபீஸுக்குக் கிளம்பினான். எமிலுக்கும் மீசை உண்டு. மாமனாருடையது மாதிரி இல்லாவிட்டாலும், முனை முறுக்கிய மீசை. அதைப் பார்த்துத்தான் அவள் கல்யாணத்துக்குச் சரி என்றாள் என்பது அவள் சிநேகிதிகள் எல்லோருக்கும் தெரிந்த கதை. அன்றைக்கு அவன் முகத்தைக் காட்டாமல், கழுத்துத் துணியை மூக்கு வரை சுற்றிக்கொண்டு, "வெளியில குளிரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினான். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

தேயா முகம் கழுவப் போனாள். பீங்கான் தொட்டியில் தண்ணீர் அப்படியே இருந்தது. அதன் மேல் பழுப்பு முடி இரண்டு கற்றை மிதந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கத்துக்கு ஒன்று, அந்தப் பக்கத்துக்கு ஒன்று.

அவள் தங்கள் படுக்கையறைக்குப் போய், அங்கேயும் கொக்கியை உள்ளங்கையால் குத்தி, ஜன்னலைத் திறந்து வைத்தாள்.