விழுந்ததாக எழுதிய ஒரு நாள்

"படியில விழுந்துட்டேன் சிஸ்டர்" என்றான் முனிகிருஷ்ணன். இடது காதுக்கு மேலே இரண்டு அங்குலத்துக்குப் பிளந்திருந்தது. ரத்தம் சட்டைக் காலர்வரை இறங்கிக் காய்ந்து ஒட்டியிருந்தது. அவன் வீடு மேல்லைனில் எட்டாம் நம்பர். அந்த வீட்டுக்குப் படியே கிடையாது. வாசலில் ஒரு கடப்பைக்கல் கிடக்கிறது. அதில் தடுக்கிக் காதுக்கு மேலே அடிபட வேண்டுமென்றால் தலைகீழாகத்தான் நடந்திருக்க வேண்டும். டிங்ச்சர் வைத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு சுவரிலிருந்த மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று தையல் போட்டேன்.

எங்கள் டிஸ்பென்சரியில் யாருமே அடி வாங்கிக்கொண்டு வந்ததில்லை. ஒக்கலிபுரத்தில் ரயில் பாதையை ஒட்டி மில்லுக்காரர்கள் குடியிருக்கும் இரண்டு வரிசை வீடுகள், மேல்லைன், கீழ்லைன். நடுவில் மாதா கோயில் தர்மத்தில் நடக்கிற இரண்டு அறை டிஸ்பென்சரி. பன்னிரண்டு வருஷமாக நான்தான் நர்ஸ். மண்டை உடைந்தவன், விரல் பெயர்ந்தவள், முதுகில் சைக்கிள் செயின் தடம் பதிந்தவன், எல்லாரும் விழுந்தவர்கள்தான். அடித்தார்கள் என்று சொன்னால் போலீஸ் வரும், போலீஸ் வந்தால் மில் வேலை போகும். அதனால் பெரிய ரிஜிஸ்டரில் காரணம் என்ற இடத்தில் 'விழுந்தது, விழுந்தது' என்று மேலிருந்து கீழ்வரை எழுதி வைத்திருப்பேன். தணிக்கைக்கு வந்த டாக்டர் ஒருவர், "ஏம்மா, இந்த ஏரியா ஜனங்களுக்குக் கால் ஏதாவது கோளாறா?" என்று கேட்டுவிட்டுப் போனார். புண்ணியவான், அவருக்குச் சிரிப்பாக இருந்தது.

ஐம்பத்தேழில் குழாயடிச் சண்டையில் கீழ்லைன் பெரியவர் ஒருவர் செத்துப்போனார். அதற்குப் பிறகுதான் சமாதானக் கமிட்டி வைத்தார்கள். செகரெட்டரி ஆதிகேசவன் சார், ரிட்டயரான பள்ளிக்கூட வாத்தியார். அவர் ஒரு சின்ன நோட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். "ரிஜிஸ்டர்ல என்ன வேணா எழுதிக்கம்மா. இதுல நெஜத்த எழுது. கெழம, நேரம், எடம், எதால அடி, எந்த லைனு, எதுக்காக. பேரு மட்டும் வேணாம். பேரு எழுதுனா அது போலீஸ் நோட்டாயிடும்." காயத்தைப் பார்த்தும் கூட வந்தவர்கள் பேச்சைக் கேட்டும் எழுதினேன். நாலு மாசத்தில் முப்பத்தொரு காயம். அவர் சிவப்புப் பென்சிலால் சுழித்துச் சுழித்துப் பார்த்து, பத்தொன்பது காயம் குழாயடியில் என்று கண்டுபிடித்தார். எல்லாம் செவ்வாயும் வெள்ளியும், தண்ணீர் நூலாக வருகிற நாட்கள். அந்த இரண்டு நாளும் குழாயடியில் மேல்லைன் ஆள் ஒருவர், கீழ்லைன் ஆள் ஒருவர் நின்று வரிசை பார்க்க வேண்டும் என்று ஏற்பாடானது.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. தினமும் ஐந்து மணிக்கு சார் வந்து நோட்டைப் பார்ப்பார். அன்றைக்கு யாருக்காவது காயம் என்றால், விளக்கு வைப்பதற்குள் லைனுக்கு ஒருவராக இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, "தப்பு எங்க பக்கம்" என்று சொல்லிக் காபி குடித்துவிட்டு வருவார்கள். அவ்வளவுதான். அடிபட்டவன் தானாகப் போய்க் கூப்பிடக் கூடாது, அது அவனுக்குக் கேவலம். கமிட்டிதான் அவனைத் தேடிப் போக வேண்டும். அந்த ஒரு காபிக்காகக் கையிலெடுத்த தடியைக் கீழே போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். அதனால் என்னிடம் வந்து விழுந்துவிட்டேன் என்பார்கள். சிஸ்டர் சரியானபடி எழுதிவிடுவாள் என்று நம்பிப் போவார்கள்.

முனிகிருஷ்ணனும் அப்படித்தான் நம்பிப் போனான்.

அந்த வெள்ளிக்கிழமை குழாயடியில் மேல்லைன் சார்பில் வரிசை பார்த்தவன் அவன்தான். நாங்கள் கீழ்லைன். என் தம்பி ஜெயராஜின் பெண்டாட்டி யூனிஸ் வரிசை தாண்டிக் குடத்தை வைத்திருக்கிறாள். அவன் எடுத்துப் பின்னால் வைத்தான். கமிட்டி சொன்ன வேலையைத்தான் செய்தான். அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஜெயராஜ் ஸ்பேனரோடு போனான். அதற்குள் குழாயடியில் கூட்டம் கலைந்திருந்தது. திரும்பி வந்து, "அக்கா, கை நீண்டுடுச்சிக்கா" என்று என் முன்னால் நின்றான். அம்மா போனதிலிருந்து அவனை நான்தான் வளர்த்தேன். கல்யாணம் காட்சி எதுவும் எனக்கு வேண்டாம் என்றிருந்ததும் அவனுக்காகத்தான். அடுத்த வாரம் அவனுக்கு மில்லில் பெர்மனென்ட் லெட்டர் வரவேண்டும். நோட்டில் பேர் இருக்காது, நிஜம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை, ஸ்பேனர், கீழ்லைன், குடம் என்று எழுதினால் சாருக்குப் பேர் எதற்கு?

ஐந்து மணிக்கு சார் வந்தார். "இன்னிக்கி ஒண்ணும் இல்லியாம்மா?"

"ஒருத்தர் வந்தாரு சார். கடப்பைக்கல்லு வழுக்கிருக்கு. நெஜமாவே விழுந்தது."

"வெள்ளிக்கெழமையே ஒண்ணும் இல்ல, பாத்தியா?" என்று அவர் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை நோட்டும் காலி. ஒரு வாரம் போனால் எல்லாம் ஆறிவிடும் என்று நினைத்தேன். பன்னிரண்டு வருஷமாகப் புண்ணைப் பார்க்கிறவள் நான், எது ஆறும் எது ஆறாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் சும்மா இருந்தேன்.

ஞாயிறு மத்தியானம் ரயில்வே கேட்டருகில் ஜெயராஜை முனிகிருஷ்ணனின் தம்பி இரும்புத் தடியால் அடித்தான். திங்கள் காலை ஆஸ்பத்திரியில் என் தம்பியின் உயிர் போனது. கட்டுப் போட என் கைக்கு வேலையே இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தோம்.

சாயங்காலம் கீழ்லைன் பையன்கள் எட்டொன்பது பேர் சைக்கிள்களோடு வாசலில் நின்றார்கள். எல்லாரும் ஜெயராஜோடு வேலை செய்தவர்கள். கையில் என்னென்ன வைத்திருந்தார்கள் என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. காலையிலிருந்து யூனிஸ் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒன்றரை வயதுப் பெண் குழந்தை என் மடியில் தூங்கியது. அடக்கம் முடியட்டும் என்று காத்திருந்த கமிட்டி, ஏற்பாட்டின்படி அப்போதுதான் வந்தது. கீழ்லைன் ஆட்கள் யாரும் கூட வர மாட்டோம் என்றுவிட்டதால் அவர்களுக்குப் பதிலாக ஆதிகேசவன் சாரே வந்திருந்தார். மேல்லைன் சார்பில் லட்சுமம்மா. இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்தார்கள்.

"தப்பு எங்க பக்கம்மா" என்றாள் லட்சுமம்மா. பிறகு சார் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. முனிகிருஷ்ணன் மண்ட ஒடஞ்சி வந்து, வெள்ளி, சனி ரெண்டு சாயந்திரமும் அவன் பொண்டாட்டி காந்தா டம்ளர கழுவி வெச்சிக்கினு உக்காந்திருந்தா. கமிட்டிக்காரங்க வருவாங்க, கொஞ்சம் தாளுடான்னு தம்பிய கையப் புடிச்சி நிறுத்தி வெச்சிருந்தான் அவன். நீங்க ஏன் வர்ல சார்?"

சார் பையிலிருந்து நோட்டை எடுத்தார். பக்கத்தைப் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி புரட்டினார். "கண்ணு முன்ன மாதிரி இல்லம்மா. எங்கியோ நான்தான் தாண்டிட்டேன். இது என் தப்புதான்" என்றார்.

வாசலில் ஒருவன், "ஒண்ணுமே செய்யாத மனுஷன சும்னே அடிச்சிக் கொன்னுட்டானுங்க. இன்னும் என்ன பேச்சு இவங்களோட?" என்றான். சைக்கிள்கள் அசைந்தன.

செத்தவனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அவன் நல்லவனாகவே இருப்பான், யூனிஸுக்கு அதாவது மிஞ்சும். ஆனால் இவர்கள் மேல்லைனுக்குப் போவார்கள். அங்கே தையல் பிரிக்காத தலையோடு முனிகிருஷ்ணன் இருக்கிறான், காந்தா இருக்கிறாள்.

"சார் தாண்டல" என்றேன். "முனிகிருஷ்ணன அடிச்சது நம்ம ஜெயராஜ். கொடத்த நவுத்தி வெச்சதுக்காக, ஸ்பேனரால. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் விழுந்துட்டாருன்னு சொன்னேன்." வெளியே கேட்டிருக்காதோ என்று எல்லாவற்றையும் இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.

சார் நோட்டை மூடவில்லை. லட்சுமம்மா என்னைப் பார்த்தாள், திட்டவில்லை. வாசலில் ஒரு சைக்கிள் கீழ்லைன் பக்கம் திரும்பியது. பின்னாலேயே இன்னொன்றும். மற்றவர்கள் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றுகொண்டேயிருந்தார்கள்.

யூனிஸ் என் தோளிலிருந்து தலையைத் தூக்கினாள். என் மடியில் தூங்கிய குழந்தையை இரண்டு கையாலும் மெல்ல அள்ளி எடுத்துக்கொண்டு, எதிர்ச் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். அவள் கண்ணீரில் என் தோளில் ஜாக்கெட் நனைந்து ஒட்டியிருந்தது. அந்த இடத்தில் இப்போது வாசல் காற்று பட்டது.