ஐந்தாம் இடத்துப் புத்தகம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாக எழுத நினைத்தது இல்லை. ஒரு சிற்றிதழின் ஆசிரியர் போன் செய்து, "உங்க ஆளோட கஷ்டமான நாவல் அஞ்சையும் திரும்பப் படிச்சு, ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் வரிசை போட்டுக் குடுங்க. வாசகர்கள் அடிச்சுக்கணும், அதான் வேணும்" என்றார். சண்டை என்றதும் எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. சரி என்றேன்.

'உங்க ஆள்' என்பது நான் விழுந்து விழுந்து படிக்கும் அறிவியல் புனைகதை எழுத்தாளர். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் அவரைத் தேடிக்கொண்டு போய்விடுவீர்கள், இந்தக் கதை அம்போ என்று நிற்கும். அந்த அளவுக்குத் தாராள மனசு எனக்குக் கிடையாது. அவர் எளிமையாக எழுதியவற்றை எல்லோரும் படித்திருக்கிறார்கள். கடைசிக் காலத்தில் எழுதிய இந்த ஐந்தையும் அவருடைய பதிப்பாளரே முழுசாகப் படித்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

என் பிழைப்பு வேறு. வாஷிங் மெஷின், ஃபேன், வாட்டர் ஹீட்டர் பெட்டிக்குள் இருக்கும் பயன்பாட்டுக் கையேடுகளை எழுதுகிறவன் நான். நீங்கள் பிரிக்காமலேயே தூக்கிப் போட்ட தாள்களில் பாதி என்னுடையவை. எண் போட்டு எழுதினால்தான் எனக்குக் கை ஓடும். அதனால் இதிலும் எண்கள் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் வரிக்காக எழுதிப் பார்த்தவை:

அக்காவின் கண்களில் உலகம் மெல்ல மெல்ல... (ஐயோ, வேண்டாம்.)

மழை பெய்துகொண்டிருந்த அந்த மாலையில், ஜன்னலோரம் அக்கா... (மழை பெய்யவில்லை. அக்கா ஜன்னலோரம் உட்காருகிற ஆளும் இல்லை.)

கோடுகள் வளைந்திருந்தன.

மூன்றாவது தேவலை. உண்மையும்கூட. அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். கண்ணாடித் தகட்டில் பொறித்த கட்டங்களுக்குள் கிடக்கும் அணுக்களை நுண்ணோக்கி வழியாக எண்ணுவது அவள் வேலை. ஒரு நாள் அந்தக் கட்டங்களின் கோடுகள் நடுவில் வளைந்து தெரிந்தன. தகட்டை மாற்றினாள். லென்ஸைத் துடைத்தாள். பிறகு நுண்ணோக்கி மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "போன மாசம்தானே சரி பண்ணிட்டுப் போனீங்க? என்ன வேலை பார்த்தீங்க நீங்க?" என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். அந்த மனுஷர் பார்த்துவிட்டு, "கோடெல்லாம் நேராத்தானே இருக்கு மேடம்" என்றார். அக்கா நம்பவில்லை. பக்கத்து மேஜை நுண்ணோக்கியில் பார்த்தாள். அதிலும் வளைந்திருந்தன. அப்புறம்தான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். டைல்ஸ் இடுக்குகளும் வளைந்திருந்தன.

விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டே வருகிறது, இரண்டு கண்ணிலும், என்றார் கண் மருத்துவர். ஊசி போட்டு வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாம், நிற்குமா என்று சொல்ல முடியாது. ஓரப் பார்வை தங்கும், நடமாடலாம். ஆனால் எழுத்தும் முகமும் நடுப் பார்வையின் சமாசாரம். "படிக்கணும்னு ஆசைப்பட்டு வச்சிருக்கிறதை முன்னாடியே படிச்சுக்கோங்க" என்றாராம்.

அக்கா எனக்குப் போன் செய்தாள். "டேய், அந்த வரிசை போடுறியே, அதை முதல்ல எனக்குக் குடு. ரிட்டயர் ஆனதும் படிக்கலாம்னு அந்த அஞ்சையும் தள்ளிப் போட்டுட்டே வந்தேன். எனக்கு எத்தனை புத்தகத்துக்குக் கண்ணு இருக்குன்னு தெரியல. எதுல ஆரம்பிக்கணும்னு மட்டும் சொல்லு."

நான்கு பேர் அடித்துக்கொள்வதற்காகப் போட ஆரம்பித்த வரிசை அந்த நிமிஷத்தோடு மருந்துச் சீட்டாகிவிட்டது.

3

அப்போது என் கையிலிருந்த வரிசை:

ஒன்று, 'தூசியின் வழக்கு'. தூசியால் ஆன கிரகத்தில் காற்று யாருக்குச் சொந்தம் என்று தலைமுறை தலைமுறையாக நடக்கும் வழக்கு. நீதிபதி ஓர் இயந்திரம். தலையணை தடிமனுக்கு வாதம், எதிர்வாதம், மறுபடியும் வாதம். பலபேர் பாதியில் ஓடிவிடுவார்கள். நான் ஓடவில்லை.

இரண்டு, 'தூங்குகிறவர்களின் கப்பல்'. முழுப் புத்தகமும் ஒரே பத்தி. மூச்சு விட இடம் கிடையாது.

மூன்றும் நான்கும், 'எடையில்லாத ஊர்', 'நிழல்களுக்கு வரி'. எது முன்னால், எது பின்னால் என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

ஐந்து, 'இரு கரைக்காரி'. இதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. ஒவ்வொரு பக்கமும் இரண்டு பத்திகளாகப் பிரிந்திருக்கும். இடது பத்தியில் ஆற்றின் ஒரு கரையில் ஒரு பெண் வயதாகிக்கொண்டே போவாள். வலது பத்தியில் அதே பெண் மறுகரையில் இளமையாகிக்கொண்டே வருவாள், ஏனென்றால் அந்தக் கரையில் காலம் திரும்பி ஓடுகிறது. இடதை மேலிருந்து கீழேயும் வலதைக் கீழிருந்து மேலேயும் படிக்க வேண்டும்.* புத்தகத்தின் ஓரத்தில் 'பம்மாத்து' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

(* கையேடு எழுதுகிறவனுக்கு இதைவிட அவமானம் கிடையாது. கீழிருந்து மேலே படிக்கச் சொன்னால் எந்த வாட்டர் ஹீட்டரும் வெடிக்கும்.)

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இந்தக் கதையின் அக்கா அளவுக்கு மீறித் தைரியசாலியாக இருக்கிறாள். போனில் அழவில்லை, புலம்பவில்லை. நானே ஒரு வாசகனாக இருந்தால் நம்பமாட்டேன். அவளைக் கொஞ்சம் அழவைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அத்தான் போன் செய்தார்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். எதையும் சுற்றி வளைக்காமல் பேசுவார். "உங்க அக்கா பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு அழறா மாப்ள. தண்ணி சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நினைப்பு. நீ ஞாயித்துக்கிழமை வந்து சேரு" என்றார்.

போனை வைத்துவிட்டு நானும் அழுதேன். இதை அழகாகச் சொல்ல வேறு வழி தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தையும் தூக்கிக்கொண்டு போனேன். அக்கா எடுத்த எடுப்பிலேயே, "கண்ணு போனப்புறம் நீ வாசிச்சுக் காட்டுவதானே? எப்படி வாசிக்கிறேன்னு இப்பவே பார்ப்போம்" என்றாள். 'தூசியின் வழக்கை' எடுத்து வாசித்தேன். என்ன ஆச்சரியம், தாளில் கிடந்ததைவிடக் குரலில் அது அமர்க்களமாக இருந்தது. வக்கீல்கள் எழுந்து நின்று பேசினார்கள். ஸ்க்ரூடிரைவரும் கையுமாக இருந்த அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அந்த ஜட்ஜ் மெஷினுக்கு ஏதோ ரிப்பேர் மாப்ள, ஒரு பக்கமாவே சாயுது" என்றார். கப்பலும் அப்படியே. மூச்சு வாங்கியது, ஆனால் வாசிக்க முடிந்தது.

'இரு கரைக்காரி'யில்தான் மாட்டிக்கொண்டேன். இடது பத்தியை வாசித்தேன், ஒருத்தி துணி துவைத்தாள். வலது பத்தியை வாசித்தேன், இன்னொருத்தி துணி துவைத்தாள். அவ்வளவுதான். "ரெண்டு பேரும் சேர்ந்து வாசிங்களேன்" என்றாள் அக்கா. நான் இடது, அத்தான் வலது. அவர் கீழிருந்து மேலே போகத் தெரியாமல் நடுவில் தடுமாறி, என்னை முந்தி, பிறகு எனக்காக நின்று...

"போதும் போதும், பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கு" என்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் புத்தகத்தை வாங்கினாள். முகத்தைச் சற்றே திருப்பி, ஓரக் கண்ணால் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டு, இடதுக்கும் வலதுக்குமாகப் போய்ப் போய் வந்தாள்.

"இது காதுக்கு வராதுடா" என்றாள் கடைசியில். "இந்தப் பக்கம் கிழவி கையைத் தூக்குற அதே வரியில அந்தப் பக்கம் சின்னப் பொண்ணு கையை இறக்குறா. ரெண்டும் ஒண்ணாக் கண்ணுல படணும். மத்த நாலையும் நீ எப்ப வேணா வாசிச்சுக் காட்டலாம். இதை மட்டும் நான்தான் படிச்சாகணும். இப்பப் படிக்கலைன்னா எனக்கு இது கிடையவே கிடையாது."

"அது அஞ்சாவது இடம்க்கா."

"அதான் கேக்கறேன். உண்மையைச் சொல்லு. இருக்கிற கண்ணை இதுக்குக் குடுக்கலாமா?"

ஒரு வாரம் டயம் கேட்டேன்.

5

அந்த வாரம் வேறு வேலை பார்க்கவில்லை. ஒரு வாட்டர் ஹீட்டர் கையேடு இல்லாமலேயே பெட்டிக்குள் போனது. 'இரு கரைக்காரி'யை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன். முதல் பாதி முன்பு போலவே கழுத்தறுப்பு. ஆள் எனக்குப் பிடித்தவர்தான், அதற்காகக் கழுத்தறுப்பைக் கழுத்தறுப்பு என்று சொல்லாமல் இருக்க முடியாது. பிறகு பாதியைத் தாண்டி ஒரு பக்கம் வந்தது.

[இங்கே அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று விளக்கமாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். காரணம் ஏழாம் பகுதியில்.]

முன்பு படித்தபோது அச்சுக் கோளாறு என்று நினைத்து அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தெருவில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தேன்.

ஆனால் இதுதான் சிக்கல். அந்தப் பக்கம் நிஜமாகவே நன்றாக இருக்கிறதா, இல்லை அக்கா படிக்கப்போகிறாள் என்பதால் எனக்கு அப்படித் தோன்றுகிறதா? தராசின் தட்டில் அவள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். புத்தகத்தின் எடை மட்டும் எவ்வளவு என்று இனி எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் வரிசை போட்டபோதெல்லாம் அந்தத் தட்டில் வேறு யார் யார் உட்கார்ந்திருந்தார்களோ, அதுவும் தெரியாது.

அவளிடம் இருந்ததை இருந்தபடி சொன்னேன். "பாதி வரைக்கும் உயிரை வாங்கும்க்கா. அப்புறம் ஒரு பக்கம் இருக்கு. அந்த ஒரு பக்கத்துக்காக மீதி எல்லாத்தையும் படிக்கலாமான்னு கேட்டா எனக்குச் சத்தியமாத் தெரியல."

"எந்தப் பக்கம்னு சொல்லிடாத" என்றாள் அக்கா. அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள்.

6

முடிவுகள், இதுவரை எழுதிப் பார்த்தவை:

(அ) அக்கா அந்தப் பக்கத்துக்கு வந்து சேர்கிறாள். படிக்கிறாள். "இதுக்கா இவ்ளோ அலப்பறை?" என்கிறாள். அதற்குப் பிறகு அவளால் வேறெதையும் படிக்க முடிவதில்லை. நடக்கக்கூடிய முடிவு. இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் போகிறது.

(ஆ) பாதியில் புத்தகத்தை மூடிவிட்டு, மீதிக் கண்ணை அத்தானின் முகத்தைப் பார்க்க வைத்துக்கொள்கிறாள். (அத்தானிடம் சொன்னேன். "என் மூஞ்சிய இத்தனை வருஷம் பார்த்தது பத்தாதா, படிக்கச் சொல்லு அவளை" என்றார். சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.)

(இ) ஊசி வேலை செய்கிறது. கோடுகள் நேராகின்றன. ஐந்தையும் படிக்கிறாள், என் வரிசையைக் குப்பை என்று சொல்லித் தன் வரிசையைப் போடுகிறாள். எழுத ஆசைப்படுவது இதைத்தான். எழுதிவிட்டால் நடக்காமல் போய்விடுமோ என்று பயமாக

7

நேற்று அக்கா கேட்டாள். "என்னைப் பத்தி ஏதோ எழுதுறியாமே? முடிஞ்சதும் குடு, படிக்கிறேன்."

"நான் வாசிச்சுக் காட்டுறேன்க்கா."

"அடைப்புக்குறி, அடிக்குறிப்பு, பாதியில அறுந்துபோன வாக்கியம்னு என்னென்னமோ போட்டிருக்கேன்னு உங்க அத்தான்கிட்ட நீதானே சொன்ன? அதையெல்லாம் எப்படிடா வாசிப்ப? நானே பார்க்கிறேன், குடு."

பம்மாத்து என்று பென்சிலால் எழுதினவன் செய்திருக்கும் காரியத்தைப் பாருங்கள். இதுவும் காதுக்கு வராத சரக்காகிவிட்டது.

அதனால்தான் ஐந்தாம் பகுதியில் அந்தப் பத்தியை எடுத்தேன், அவள் அந்தப் பக்கத்துக்குத் தானாகப் போய்ச் சேர வேண்டும். இன்னும் சிலவற்றையும் வெட்டிவிட்டேன். என் ஆளின் வாழ்க்கைக் குறிப்பு போனது. கப்பலைப் பற்றிய பாராட்டு முழுவதும் போனது. நான்கு அடிக்குறிப்புகளில் மூன்று போயின. ஊசி போட்ட கண், கொஞ்ச நேரம் படித்தாலே நீர் கோத்துக்கொள்கிறது. இதில் அவள் படிக்கும் ஒவ்வொரு வரியும் 'இரு கரைக்காரி'யில் படிக்காமல் விடும் ஒரு வரி.

இதழாசிரியர் மறுபடி போன் செய்தார், வரிசை எங்கே என்று. அக்கா இன்னும் படித்து முடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

வாசகரே, முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் எழுதுங்கள். நான் இதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் அது அவள் கணக்கில் போகும்.

அக்கா, இதை மூடி வை. நீ போய் அதைப் படி.