பூங்கா வாசலில் பிரேக் அக்கா

...நடந்துகொண்டே பேசலாமாம், அதுவும் பூங்காவில், அதுவும் சனிக்கிழமை காலையில், ஊரே தொப்பையைக் குறைக்க வந்து சுற்றுகிற நேரத்தில் இவள் மட்டும் மனசைக் குறைக்க வந்து சுற்ற வேண்டுமாம், நல்ல கூத்து. வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்ட பிறகும் பிரேக் அக்கா இறங்கவில்லை. அந்தப் பெயர் டிரைவிங் ஸ்கூலில் படிக்க வந்தவர்கள் வைத்தது. ஓட்டிப் பழகுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, தன் காலடியில் இருக்கிற இன்னொரு பிரேக்கைத் தொட்டதற்கெல்லாம் மிதித்துவிடுகிறாளாம். மிதிக்காமல்? எதிரே லாரி வரும்போது கைதட்டிக்கொண்டு இருக்கச் சொல்கிறார்களா? அதோ, கம்பிக் கதவுக்கு உள்ளே நிற்கிறது அந்த ஆலோசனைப் பெண், ஓட்டப்பந்தய ஷூவும் முதுகுப் பையும் தண்ணீர் பாட்டிலுமாக, சுற்றுலா போகிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. இன்னும் இவளைப் பார்க்கவில்லை. சத்தம் போடாமல் ரிவர்ஸ் எடுத்துப் போய்விட்டால் என்ன? போகலாம்தான்... ஆனால் முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், “நாலு தடவையாவது போய்ப் பேசிட்டு வாங்கக்கா, அதுக்கப்புறம் வண்டில ஏறுங்க.” இத்தனை வருஷம் சாலையில் கழித்தவளை ஆபீஸில் உட்கார வைத்து ஃபோன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஃபோனில் பேசுகிறவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், கிளட்ச் இல்லாத வண்டி இருக்கா மேடம். கிளட்ச் வேண்டாம், கியர் வேண்டாம், கொஞ்ச நாளில் கால்கூட வேண்டாம் என்பார்கள்.

எல்லாம் ஓட்டிப் பழக வந்த அந்தப் பல் டாக்டரால் வந்தது. இல்லை, அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பாவம், அவர் செய்ததெல்லாம் சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டியை ஆஃப் ஆக்கியதுதான், அதை யார்தான் செய்யவில்லை. இவள்தான் பொரிந்து தள்ளிவிட்டாள். “உங்களை நம்பி வாயைத் திறக்கிறவங்க பாவம் சார்!” என்றுகூடச் சொல்லியிருக்கிறாள், அது வேறு. மனிதர் சீட் பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து, நட்ட நடுச் சாலையில் இறங்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து போய்விட்டார். கதவையாவது சாத்திவிட்டுப் போயிருக்கலாம். பின்னால் ஊரே ஹாரன் அடிக்க, கியரைத் தாண்டி, புடவையைச் சுருட்டிக்கொண்டு இந்த சீட்டிலிருந்து அந்த சீட்டுக்குத் தாவிய கோலத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. வீட்டுக்காரரிடம் விஷயத்தைப் பாதியாக உடைத்து, கவுன்சிலரைப் பார்க்கப் போகிறேன் என்றாள். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஏன், தெருவிளக்கு எரியலையா?” என்றார். இது வார்டு கவுன்சிலர் இல்லை, மனசுக்குப் பார்க்கிற கவுன்சிலர் என்று விளக்கி முடிப்பதற்குள் அவர் சேனலை மாற்றிவிட்டார். பாப்பா மட்டும் தட்டிலிருந்து தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாள். பாப்பா என்றால் மகள், வேலைக்குப் போகிற வயசு, பெயர்தான் இன்னும் பாப்பா. பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள்... ஏனம்மா என்று ஒரு வார்த்தை? ம்ஹும்.

போன வாரம் அறைக்குள் நடந்தது அதைவிடக் கொடுமை. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் கூப்பிட வேண்டிய மாதிரி ஒரு சோபா, கைக்கு எட்டும் தூரத்தில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி, அழுதுதான் ஆக வேண்டும் என்று மிரட்டுகிற மாதிரி, எதிரே அந்தப் பெண், கண்ணை இமைக்காமல், ஒன்றும் கேட்காமல். எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேசி இவளுக்கு எங்கே பழக்கம், வாழ்நாளெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துப் பேசியவள். சோபாவைப் பற்றிக் குறை சொன்னாள், ஏசி அதிகம் என்றாள், வாசலில் பார்க்கிங் சரியில்லை என்றாள், நேரம் முடிந்துவிட்டது. கடைசியில்தான் அது சொன்னது, “உங்களுக்கு இந்த ரூம் ஒத்து வரலைன்னு நெனைக்கிறேன். அடுத்த தடவை வெளிய நடந்துக்கிட்டே பேசலாமா? பிடிக்கலைன்னா திரும்ப இங்கயே வந்துடலாம்.” மழை வந்தால் என்றாள் இவள். குடை இருக்கிறதாம். தெரிந்தவர்கள் பார்த்தால்? அப்போது பேச்சை நிறுத்திவிடலாமாம், யாரென்று சொல்வது உங்கள் இஷ்டமாம். எனக்கு முட்டி வலி. மெதுவாக நடக்கலாமாம். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறது. அழுகை வந்தால் நடுப் பூங்காவில் என்ன செய்வது என்று மட்டும் இவள் கேட்கவில்லை, எதற்கு அழப்போகிறோம்?

அதற்குள் அந்தப் பெண் பார்த்துவிட்டது, கையாட்டுகிறது. சரி, தொலையட்டும் என்று இறங்கினாள். மெதுவாகவாவது ஒன்றாவது, இவள் நடந்த நடையில் பாட்டில் குலுங்கக் குலுங்க அது ஓடி வந்தது. குளத்தைச் சுற்றி ஒரு பாதை, ஓரமெல்லாம் பெஞ்சுகள், பெஞ்செல்லாம் செய்தித்தாள்கள். எதிரே யாரோ, “அக்கா! லைசன்ஸ் வாங்கிட்டேன்க்கா, முதல் தடவைலயே!” என்று கத்திக்கொண்டு கடந்தது, போன மாதம் வட்டம் போடத் தெரியாமல் திணறிய நர்ஸ். சந்தோஷம்மா, கண்ணாடியைப் பார்த்து ஓட்டு என்றாள். ஆலோசனைப் பெண் சற்றுத் தள்ளி நின்று ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தது, சாமர்த்தியம்தான். மறுபடி சேர்ந்து நடந்தபோது இவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “ஊருக்கெல்லாம் நான் சொல்லிக் குடுக்கறேன், எம் பொண்ணு வேற ஸ்கூல்ல கத்துக்கறா.” வந்துவிட்டது. முதலாளியிடம் சொல்லாதது, வீட்டுக்காரரிடம் சொல்லாதது, குளத்து வாத்தைப் பார்த்துக்கொண்டே வந்துவிட்டது. எனக்கு வண்டியெல்லாம் வேண்டாம்மா, பஸ்ஸே போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அன்றைக்கு சிக்னலில் பக்கத்து வரிசையில், தலையில் வேறொரு ஸ்கூலின் பலகையைச் சுமந்த காரில், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு... இவளைப் பார்க்கவில்லை. பச்சை விழுந்தது, அவள் போய்விட்டாள், இந்தப் பக்கம் டாக்டர் வண்டியை ஆஃப் ஆக்கினார். அன்று ராத்திரி சாப்பாட்டில் அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை, அப்படியே வாரங்கள் ஓடுகின்றன. இப்போது கேட்கும் பார், ஏன் மறைத்தாள் என்று நினைக்கிறீர்கள், உங்களுக்கு அப்போது என்ன தோன்றியது, என்று இவள் பதிலோடு பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“எப்படி ஓட்டினாங்க?” என்றது அந்தப் பெண். இதென்ன கேள்வி? இவள் நின்றுவிட்டாள். “நல்லா ஓட்டினா. கிளட்ச்ச விட்டதே தெரியல, அப்படி ஒரு பதம்.” சொல்லும்போதே குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது, சே, இதற்கா. அந்தப் பெண் பையில் கைவிடவில்லை, காகிதம் நீட்டவில்லை, குளத்தையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றது, அந்த மட்டுக்கும் உபகாரம். மறுபடி நடந்தார்கள். நன்றாகத்தான் ஓட்டினாள்... ஆனால் இத்தனை நாளாகக் குடைந்தது அது இல்லையே, வேறு ஸ்கூல் என்பதுகூட இல்லை. பச்சை விழுவதற்கு முன்னால் பாப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த அந்த ஆள், வழுக்கைத் தலை, ஏதோ சொன்னான், பாப்பா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள், பல் தெரிய, கண் சுருங்க. வண்டி ஓட்டப் பழகுகிறவர்கள் சிரிப்பார்களா என்ன? இவள் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது ஒருத்தர் சிரித்ததுண்டா? வீட்டில்... வீட்டில் சிரிப்பாள்தானே? யோசித்துப் பார்த்தால் முகம் வருகிறது, சிரிப்பு வரவில்லை. போய்க் கேட்டுவிடலாம், ஏன் ஒளித்தாய் என்று இல்லை, அவன் அப்படி என்ன சொன்னான் என்று. மெல்ல, வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், “அன்னிக்கு எதுக்குடி சிரிச்ச?” போலீஸ் விசாரணை மாதிரி வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் இழுத்து, “எதுக்கும்மா சிரிச்ச...” இன்னும் மோசம். நாயைக் கூட்டிக்கொண்டு எதிரே வந்தவர் ஓரமாக ஒதுங்கிப் போனார். “ஏதாவது சொன்னீங்களா?” என்றது ஆலோசனைப் பெண். “ஒண்ணுமில்ல, நீங்க நடங்க” என்றாள் இவள் எரிச்சலோடு, உதடு மட்டும் அசைய, மறுபடியும் முதலிலிருந்து, இந்தத் தடவை ‘எதுக்கு’ என்பதை விட்டுவிட்டுச் சொல்ல முடியுமா என்று பார்த்தபடி.