குழாய்க்காரர் எடுத்த அடைப்பு

குழாய்க்காரருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கொள்கைதான். தண்ணீர் ஓட வேண்டும். ஓடாவிட்டால் நடுவில் அடைப்பு இருக்கிறது. அடைப்பு இருந்தால் எடுத்துவிட வேண்டும். கல்யாணமான புதிதில் மனைவி கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தபோதுகூட, எங்கோ அடைத்திருக்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றியது.

ஆகவே பிக்கப் வண்டியின் ஹீட்டரில் சூடு குறைந்ததும் அவர் மெக்கானிக்கைத் தேடிப் போகவில்லை. ஹீட்டருக்குள் ஓடுவது இன்ஜினைச் சுற்றி வருகிற வெந்நீர்தானே? வெந்நீர் என்றால் குழாய். குழாய் என்றால் அவர்.

அவசரமும் இருந்தது. மனைவி கோழிப்பண்ணை ஆரம்பிக்கிறாள். கொட்டகை கட்டியாயிற்று, தண்ணீர்த் தொட்டிகூட வந்தாயிற்று, கோழிதான் பாக்கி. மறுநாள் காலையில் மலைக்கு அந்தப் பக்கம் போய், முட்டையை விட்டு அன்றுதான் வெளியே வந்த குஞ்சுகளை வாங்கி வர வேண்டும். வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர். குஞ்சுப் பெட்டிகளை முன்பக்கக் கேபினில் வைத்து, தாய்க்கோழியின் வயிற்றடி மாதிரி சூடாகக் கொண்டுவரவில்லை என்றால் பாதி வழியிலேயே விறைத்துவிடும். இதை விட்டால் அடுத்த முறை கோடையில்தான் தருவார்கள்.

"எங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன கொறஞ்சு போயிடும்?" என்றாள் மனைவி. அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக்.

"உங்க அண்ணன் வீட்டுல குழாய் ஒழுகினா யாரு போறது?"

"நீங்கதான்."

"அப்ப என் வண்டியை யாரு பாக்கணும்? நான்தானே?"

இந்த வாதத்தில் எங்கோ ஓட்டை இருப்பது அவருக்கே தெரிந்தது. அதை அடைக்க நேரமில்லாததால் பானெட்டைத் திறந்துவிட்டார்.

ரேடியேட்டரில் தண்ணீர் மட்டம் சரியாக இருந்தது. ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களையும் கழற்றி, தோட்டத்துக் குழாயை மாட்டி ஒரு அலசு அலசினார். தெளிவான தண்ணீர்தான் வந்தது. அடைப்பே இல்லாத குழாயைப் பார்த்தால் அவருக்கு ஆகாது. விடாமல் தேடினார். இன்ஜினின் தலைமாட்டில், ரேடியேட்டருக்குப் போகும் மேல்குழாய் தொடங்கும் இடத்தில் இரண்டு போல்ட் போட்ட ஒரு மூடி இருந்தது. கழற்றினார். உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு பித்தளைத் தட்டு, தண்ணீர் போகிற வழியில் முக்கால்வாசியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"வாடா மகனே!" என்றார் குழாய்க்காரர்.

அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு மூடியைப் பூட்டி, பழையபடி தண்ணீர் நிரப்பி, ஒரு சுற்றுப் போய் வந்தார். முன்பாவது சூடு காட்டும் முள் கால்வாசி ஏறும். இப்போது படுத்த பாயை விட்டு எழவே இல்லை. ஹீட்டரிலிருந்து வந்த காற்றில் துணி காயப் போடலாம். குஞ்சு வளர்க்க முடியாது.

வண்டியை நிறுத்திவிட்டுக் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தார். மனைவி குந்தி உட்கார்ந்து மரத்தூளைப் பரப்பிக்கொண்டிருந்தாள். விருந்தாளிக்குப் படுக்கை போடுகிற மாதிரி ஒவ்வொரு மூலையையும் உள்ளங்கையால் தடவிச் சமன் செய்துகொண்டிருந்தாள். வண்டி சரியாயிற்றா என்று அவள் கேட்கவே இல்லை. ஆகியிருக்கும் என்று முடிவே கட்டிவிட்டாள் போல. திட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

சத்தமில்லாமல் வேலிப்பக்கம் போய்ப் போனை எடுத்தார்.

"மச்சான், சும்மாத்தான் கூப்பிட்டேன்."

"மாப்ள சும்மா கூப்பிடுற ஆளா? மக்கர் பண்றது வண்டியா, என் தங்கச்சியா?"

"வண்டி."

"அப்பாடா! வண்டின்னா ரிப்பேர் பண்ணிடலாம்."

மச்சான் வந்ததும் கருவி எதையும் எடுக்கவில்லை. ஆறிக் கிடந்த இன்ஜினைக் கிளப்பச் சொல்லி, ரேடியேட்டரின் மேல்குழாயை நாடி பார்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாப்ள, இப்பத்தான் கிளப்பினோம். இன்ஜின் சூடாகுற வரைக்கும் இந்தக் குழாய் ஜில்லுனு இருக்கணும். இது அதுக்குள்ள வெதுவெதுன்னு ஆகுது பாருங்க. தெர்மோஸ்டாட்டுதான் மூடாமத் தெறந்தே நிக்குது."

"அது எது?"

"இங்க மூடிக்குள்ள இருக்குமே. ஸ்பிரிங் வச்ச தட்டு மாதிரி."

குழாய்க்காரர் வானத்தைப் பார்த்தார். அங்கே உதவி செய்கிற மாதிரி யாரும் தென்படவில்லை.

"அதுவா... அது அடைப்புன்னு நெனச்சு எடுத்துட்டேன்."

மச்சான் முதலில் பானெட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது போதாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தார். சத்தம் கேட்டு மனைவி மரத்தூள் கையோடு வந்தாள்.

"உன் புருஷன் வாசக்கதவு அடைச்சிருக்குன்னு கதவையே கழட்டிட்டாரும்மா!" என்றார் மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்ஜின் சூடாகுறதுக்குள்ள தண்ணி ரேடியேட்டருக்கு ஓடி ஆறிட்டு வந்துடுது. ஒரு பக்கம் பாலை அடுப்புல வச்சு, இன்னொரு பக்கம் ஆத்திக்கிட்டே இருந்தா எப்பக் கொதிக்கும்?"

மனைவி சிரிக்கவில்லை. "குஞ்சு வருமா, வராதா? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

இருவரும் ஒரே குரலில் "வரும்" என்றார்கள். அதற்குமேல் இருவருக்கும் விளையாட்டு இல்லை.

எறிந்த தட்டைப் புல்லில் தேடி எடுத்து மச்சான் வெளிச்சத்தில் பார்த்தார். ஆறியிருக்கும்போது இறுக மூடியிருக்க வேண்டிய தட்டு, ஒரு ஓரத்தில் விரல் நகம் நுழைகிற அளவுக்குத் திறந்தே நின்றது. "ஆனாலும் மாப்ள, குத்தவாளியைச் சரியாத்தான் புடிச்சிருக்கீங்க. புடிச்ச பிறகு ஊரை விட்டே தொரத்திட்டீங்க, அதுதான் தப்பு."

கடை சாத்துவதற்குள் ஓடிப்போய்ப் புதிது வாங்கி வந்தார்கள். ஸ்பிரிங் இன்ஜின் பக்கம் பார்க்க மச்சான் பொருத்தினார். ஒரு சொட்டுக்கூடக் கசியாமல் குழாய்க்காரர் மூடியைப் பூட்டித் தண்ணீர் நிரப்பினார். வண்டியைக் கிளப்பியதும் முள் மெல்ல எழுந்து நடுவில் போய் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் ஹீட்டரில் இன்னும் குளிர்காற்றுதான்.

மச்சானின் முகம் சுருங்கியது. "எங்க பஸ்ஸுல காத்து எடுக்கத் தனியா ஒரு ஸ்குரு இருக்கும். இதுல எங்க வச்சிருக்கானோ..." என்று பானெட்டுக்குள் தலையை விட்டார்.

"காத்தா?" குழாய்க்காரர் நிமிர்ந்தார். "உள்ள காத்து அடைச்சிருக்கா? அதை முதல்லயே சொல்லக் கூடாதா மச்சான்? மொட்டமாடித் தொட்டியிலேருந்து கீழ வர்ற குழாயில வாரத்துக்கு ஒரு வீட்டுல இதே கதைதானே!"

இன்ஜின் நன்றாக ஆறும் வரை காத்திருந்தார். பிறகு வண்டியின் மூக்கு மேலே தூக்கியிருக்கும்படி கொட்டகைச் சரிவில் ஏற்றி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து மச்சானைக் கிளப்பச் சொல்லி, ஹீட்டர் குழாயைப் பால் கறப்பது போல் அமுக்கி அமுக்கி விட்டார். ரேடியேட்டர் வாயில் குமிழிகள் குபுகுபுவென்று வந்தன. தண்ணீர் இறங்கியது, ஊற்றினார், மறுபடி இறங்கியது, மறுபடி ஊற்றினார். குமிழி நின்றதும் மூடியை இறுக்கினார்.

உள்ளே உட்கார்ந்திருந்த மச்சான் கொஞ்ச நேரத்தில் கத்தினார். "மாப்ள, மூஞ்சி வேகுது!"

மறுநாள் குஞ்சு வாங்க இருவரும் சேர்ந்தே போனார்கள். துணைக்குத்தான் வருவதாக மச்சான் சொன்னார். வேடிக்கை பார்க்க வந்தார் என்பது இருவருக்கும் தெரியும். திரும்பும்போது காலடியிலும் மடியிலும் நடுவிலும் பெட்டிகள். ஹீட்டர் முழு வேகத்தில். கண்ணாடியை இறக்கக் கூடாது என்பது மனைவியின் கட்டளை. வெளியே மலை வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்க, உள்ளே இரண்டு பெரிய மனிதர்கள் பனியனோடு வேர்த்து ஒழுகிக்கொண்டு வந்தார்கள்.

"மாப்ள, கொஞ்சம் கொறைச்சு வைங்களேன். மயக்கம் வருது."

"பேசாம வாங்க மச்சான். குஞ்சு தூங்குது."

வீட்டு வாசலில் மனைவி ஸ்வெட்டர் மேல் சால்வை போர்த்தி நின்றிருந்தாள். கேபின் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்த அனல் அவள் முகத்தில் அடித்து, மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. எதுவும் தெரியாமல் கையை மட்டும் நீட்டினாள். குழாய்க்காரர் அவள் உள்ளங்கையில் ஒரு குஞ்சை வைத்தார். அது கீச்சென்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அங்கேயே எச்சமிட்டது.

"உசிரோடத்தான் இருக்கு" என்றாள் அவள். கண்ணாடியைத் துடைக்கவும் தோன்றாமல் அப்படியே நின்று சிரித்தாள்.