முதல் வரியில் வந்த பெயர்

செவ்வாய்க்கிழமை காலை, தேநீர் வருகிற நேரத்தில், எங்கள் வாடிக்கையாளர்கள் அறுபதாயிரம் பேரும் செத்துப்போனார்கள். அவர்களுடைய செல்பேசிகளுக்கு அப்படித்தான் செய்தி போயிருந்தது. "தங்கள் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள். சவப்பெட்டியைத் தேர்ந்தெடுக்க அடையாள அட்டையுடன் நேரில் வரவும்."

ஹராரே நகரில் ஈமக் காப்பீடு விற்கிற நிறுவனம் எங்களுடையது. சந்தா ஒழுங்காகக் கட்டுகிறவர்களை ஒழுங்காக அடக்கம் செய்து வைப்போம். ஆனால் இத்தனை அவசரம் காட்டியதில்லை. செய்தி போன ஒரு மணி நேரத்தில் வாசலில் ஒரே கூச்சல். ம்பாரே பேட்டையிலிருந்து வந்த கிழவர் ஒருவர் மட்டும் கூச்சல் போடவில்லை. அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, கைப்பிடி பித்தளையா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

இப்படியொன்று நடந்தால் யாராவது ஒருவரை வேலையைவிட்டு அனுப்பியாக வேண்டும். செய்தி அனுப்பும் கணினியைப் பார்த்துக்கொள்வது ஷுவாய். எனவே ஷுவாய். வேலை போனால் நிறுவனம் கொடுத்த வீடும் அன்றைக்கே போகும். அதில் அவளும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் விசாரணை வைத்தார்கள். பணியாளர் பிரிவிலிருந்து நான் குறிப்பெடுக்கப் போனேன்.

விசாரிக்க இரண்டு பேர். ஒருவர் நிறுவனத் தலைவர் முனெமோ. அவருடைய குலச்சின்னம் சிங்கம் என்பதால் எல்லோரும் மரியாதையாக 'ஷும்பா' என்றே அழைப்போம். சிங்கத்துக்கு அன்று சளி பிடித்திருந்தது. இன்னொருவர் இயக்குநர் குழுவின் மாவேரே அம்மா. தேநீரோடு பன் தருகிற கூட்டம் எதையும் அவர் தவறவிட்டதில்லை. குற்றத்தை நிரூபிக்க வந்தவர் எங்கள் தொழில்நுட்பத் தலைவர், டாக்டர் எஞ்சினியர் முச்சேனா. இரண்டு பட்டங்களில் எதை விட்டுக் கூப்பிட்டாலும் அவருக்குக் காது கேட்காது.

"ஷும்பா, அந்தக் கணினி செய்யிற ஒவ்வொரு வேலையும், யார் சொல்லிச் செஞ்சதுங்கிறதும், ஒரே கோப்புல வரிவரியா பதிவாகும்," என்று ஆரம்பித்தார். "அஞ்சு வருஷப் பதிவு. கோடிக்கணக்கான வரி. கோப்பத் திறந்து காட்டுற சாதாரண எடிட்டர் மென்பொருள்ல போட்டா கணினியே மூச்சு முட்டிப் படுத்துடும். நான் கொண்டுவந்திருக்கிற எடிட்டர் கண் சிமிட்டுறதுக்குள்ள தேடிக் குடுத்துடும்."

"சிமிட்டவா?" என்றார் தலைவர்.

"கொஞ்சம் பொறுங்க ஷும்பா."

மடிக்கணினியின் திரை சுவரில் பெரிதாக விழுந்தது. கோப்பைத் திறந்தார். முதல் பக்கம் வந்தது. நடுவில் ஒரு சிறு வளையம் சுற்றத் தொடங்கியது. டாக்டர் எஞ்சினியர் அதற்கெல்லாம் காத்திருக்கிற ஆளில்லை. தேடும் பெட்டியைத் திறக்கிற இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினார். தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு விரலால், ஷுவாயின் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டினார். நிமிர்ந்து பார்த்தார். சுவரில் வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"புரொஜெக்டர் பழசு," என்றார்.

அப்போதுதான் தேடும் பெட்டி குதித்து வெளியே வந்தது, காலியாக. மறுபடி பெயரைத் தட்டி, என்டரை அழுத்தினார்.

'ஒன்று கிடைத்தது.'

தலைவர் பாதிக் கண்தான் மூடியிருந்தார். மாவேரே அம்மாவின் பன் வாய்க்கு அருகில் அப்படியே நின்றுவிட்டது. என் பேனாவும் நின்றது. சுவரில், முதல் வரியில், மஞ்சள் பட்டைக்குள் ஷுவாயின் பெயர். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எதையும் அனுப்பல," என்றாள்.

"கோடி வரிக்குள்ள உன் பேரு ஒளிஞ்சிருந்துச்சு. ஒரு நொடிகூட ஆகல, புடிச்சிடுச்சு," என்றார் டாக்டர் எஞ்சினியர்.

ஷுவாய் சுவரையே பார்த்தாள். பிறகு, "அந்த வரிய சத்தமா படிங்க ஐயா," என்றாள்.

அவர் படித்தார். அவள் பெயர், அதை ஒட்டிக்கொண்டே ஒரு தேதி. ஐந்து வருடத்துக்கு முந்தைய தேதி.

"நான் இங்க சேந்தே ரெண்டு வருஷந்தான் ஆகுது ஷும்பா. அக்காவக் கேளுங்க."

நான் தலையாட்டினேன். தலைவர் டாக்டர் எஞ்சினியரைப் பார்த்தார். அவர் சற்றும் அசரவில்லை.

"அதான் பயங்கரம். வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே திட்டம் போட்டிருக்கா."

"அஞ்சு வருஷமாவா," என்று மாவேரே அம்மா மார்பில் கை வைத்துக்கொண்டார்.

"அம்மா, மத்த வரியெல்லாம் பாருங்க," என்றாள் ஷுவாய். "எல்லாம் தேதியில ஆரம்பிக்குது. இது மட்டும் என் பேர்ல ஆரம்பிக்குது. மேல கோப்போட பேருக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரம் தெரியுதா? கோப்புல யாரோ கை வச்சிருக்காங்கன்னு அர்த்தம். தேடுற பெட்டி திறக்க லேட்டாச்சு. ஐயா முதல் தடவ தட்டினது பெட்டிக்குள்ள போகல, கோப்புக்குள்ளயே போயிடுச்சு. ரெண்டாவது தடவ தேடினதும் கெடச்சிடுச்சு. அவரே எழுதி அவரே கண்டுபிடிச்சிருக்காரு."

"மூணு நாட்டுல போய்ப் படிச்சவனுக்குத் தட்டச்சு சொல்லித்தர்றா," என்று சிரித்தார் டாக்டர் எஞ்சினியர்.

"கடைசியா செஞ்சத ரத்து பண்ணுங்க. தெரிஞ்சிடும்."

பரிதாபப்பட்டுச் செய்கிறவர் மாதிரி ஒரு விசையை அழுத்தினார். மஞ்சள் பட்டையோடு பெயர் மறைந்தது. வரி மற்ற வரிகளைப் போல தேதியில் ஆரம்பித்தது. அவள் தப்பித்துவிட்டாள் என்றே நான் நினைத்தேன்.

"பாத்தீங்களா," என்றார் டாக்டர் எஞ்சினியர், நிஜமாகவே அதிர்ந்துபோய். "நம்ம கண்ணு முன்னாடி, என் கையாலேயே ஆதாரத்த அழிக்க வச்சுட்டா."

தலைவர் என் பக்கம் திரும்பி, "அதையும் எழுதிக்கோ," என்றார்.

ஷுவாய் தலைவர் பக்கம் திரும்பினாள்.

"ஷும்பா, ஒரே ஒரு தடவ நீங்க உங்க கையால தேடிப் பாருங்க. உங்க பேர."

"என் பேரு அதுல எப்படிம்மா வரும்? எனக்குக் கணினியத் தொடவே தெரியாது."

"அதனாலதான் கேக்குறேன்."

டாக்டர் எஞ்சினியர் மறுத்தார். இல்லாததைத் தேடுவதில் என்ன தப்பு என்று மாவேரே அம்மா கேட்டதும் மடிக்கணினியைத் தலைவர் பக்கம் தள்ளினார். கோப்பை மூடி, எதையும் சேமிக்காமல், புதிதாகத் திறந்தார்கள். வளையம் சுற்றியது. அதே இரண்டு விசைகள். தலைவர் ஒற்றை விரலால், பாம்புப் புற்றைத் தொடுகிறவர் போல, தன் பெயரைத் தட்டினார். சுவர் அசையவில்லை. பெட்டி குதித்தது. மறுபடி தட்டினார். என்டர்.

'ஒன்று கிடைத்தது.'

முதல் வரியில், மஞ்சளில், முனெமோ.

விளக்கிச் சொல்ல ஷுவாய் வாயைத் திறந்தாள். தலைவர் முந்திக்கொண்டார்.

"நான் வேணும்னு அழுத்தல."

எனக்கு முதலில் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம். மாவேரே அம்மாதான் கேட்டார். "எதை ஷும்பா?"

"அந்தப் பச்சைப் பொத்தான." தலைவர் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "செவ்வாக்கிழம டாக்டர்தான் கூப்பிட்டாரு. புதுச் சேவையோட தொடக்க விழா, தலைவர் கை வச்சாத்தான் நல்லாருக்கும், போட்டோ எடுக்கணும்னாரு. ஒத்திகைதான், செய்தி எங்கயும் போகாதுன்னு சொன்னாரு. நானும் சிரிச்சுக்கிட்டே அழுத்தினேன். என் பேரு உள்ள பதியும்னு யாருமே சொல்லலியே."

அதையும் குறிப்பேட்டில் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தேன். தலைவர் அழுத்தியதன் பழியை ஷுவாய் தலையில் கட்ட மூன்று நாளாக ஓடிய டாக்டர் எஞ்சினியர், இப்போது புரொஜெக்டரின் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"ஷும்பா," என்றார் கடைசியில், மெல்ல. "இது ஒண்ணுமில்ல. நீங்க இப்பத் தட்டினதுதான் வந்திருக்கு. பெட்டி திறக்க லேட்டாச்சு. எடிட்டரோட கோளாறு."

"அப்ப அந்தப் பொண்ணு பேரு?" என்றார் மாவேரே அம்மா.

"அதுவும்... அதேதான்."

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டோம் என்பது தலைவருக்கு அப்போதுதான் உறைத்தது. மூக்கைத் துடைக்கக்கூட மறந்துபோனார். "மூடுங்க அத," என்றார்.

டாக்டர் எஞ்சினியர் அவசரமாக மூடப் போனார். எடிட்டர் மூடவில்லை. சுவரின் நடுவில் ஒரு கேள்வி வந்து நின்றது: 'மாற்றங்களைச் சேமிக்கவா?' கீழே 'ஆம்', 'வேண்டாம்' என்று இரண்டு பொத்தான்கள். அவர் கை போவதற்குள் மவுஸின் மேல் ஷுவாயின் கை இருந்தது.

"வேண்டாம்ல அழுத்தும்மா," என்றார் தலைவர்.

"அழுத்துறேன் ஷும்பா. முதல்ல ஒரு கடிதம் வேணும். என் மேல தப்பில்லன்னு. அக்காகிட்ட வெள்ளத்தாள் இருக்கு."

"இது மிரட்டல்," என்றார் டாக்டர் எஞ்சினியர்.

"மிரட்டல் இல்ல ஐயா. காலையிலேருந்து எனக்குக் கை நடுங்குது. ரெண்டு பொத்தானும் எவ்வளவு பக்கத்துல இருக்கு பாருங்க."

தலைவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதலில் 'தெரியாமல் நடந்த தவறு மன்னிக்கப்படுகிறது' என்றார். ஷுவாய் மவுஸைக் கொஞ்சம் நகர்த்தினாள். 'எந்தத் தவறும் செய்யவில்லை' என்று மாற்றினார். கையெழுத்துப் போட்டார். மாவேரே அம்மா தாமாகவே பையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார். ஷுவாய் முழுவதும் படித்துவிட்டு 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். சுவர் வெறுமையானது.

"போயிடுச்சா?" என்றார் தலைவர்.

"போயிடுச்சு."

"நிச்சயமா? தேடிக் காட்டு."

அவள் கோப்பைத் திறந்தாள். வளையம் நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெட்டி வந்த பிறகு தலைவரின் பெயரைத் தட்டி, என்டரை அழுத்தினாள். கீழே ஒரு கோடு எறும்பு ஊர்வது போல நகர ஆரம்பித்தது.

"என்ன இவ்வளவு மெதுவா போகுது?"

"இல்லாத பேர கடைசி வரி வரைக்கும் போய்த்தான் தேடணும் ஷும்பா. நேரமாகும்."

"ஆகட்டும்," என்றார் தலைவர்.

ஷுவாய் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, "வரேன்க்கா, பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்ற நேரம்," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். உள்ளே மூன்று பேரும் துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.