எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஒன்பது நாள்

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிகிறது, உள்ளே ஷாகிதாக்கா யாரோ ஒரு பெரியவரிடம், மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிச்சுக்கோங்க என்கிறாள், வெளியே நிற்கிற நானும் என்னை அறியாமல் இழுத்துப் பிடித்துக்கொள்கிறேன், விடலாம்ங்க என்று அவள் சொன்ன பிறகும் விட மறந்து நிற்கிறேன், எட்டு வருடமாக இந்த ஸ்கேன் சென்டரில் சொல்லிச் சொல்லி என் நாக்கில் ஊறிய சொற்கள் அவை, ஆனால் நான்கு நாளாக அவற்றை வெளியே நின்றுதான் கேட்கிறேன், கையில் ரிப்போர்ட் கவர்களை வைத்துக்கொண்டு, அடுக்கியதையே திரும்ப அடுக்கிக்கொண்டு, டாக்டர் அறைப் பக்கம் பார்க்காமல். தென்காசியில் சாரல் காலம், வாசலில் செருப்புகள் நனைந்து கிடக்கின்றன, கதவைத் திறந்து வெளியே வந்த ஷாகிதாக்கா, என்னளா, இன்னிக்கும் கவர் அடுக்குத வேலைதானா என்று கேட்டுவிட்டு பதிலுக்கு நிற்காமல் அடுத்த பெயரைக் கூப்பிடுகிறாள், அவளிடம் சொல்லிவிடலாமா, இல்லை, முதலில் டாக்டரிடம், இல்லை, இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு.

பிரசவ விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது, கைக்குழந்தை செண்பகாவுக்கு ஏழு மாதம், பால் கொடுக்கிற உடம்புக்கு மாதவிலக்கு வரத் தாமதமாகும் என்று நான் நிம்மதியாக இருந்துவிட்டேன், ஒரு காலை பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி வைத்திருந்த பிச்சிப்பூ வாசனை குமட்டிக்கொண்டு வந்தது, முதல் பிள்ளைக்கும் பிச்சிப்பூதான், அந்த வாசனையோடு வந்த பயத்தில் அன்றைக்கே மருந்துக்கடையில் சோதனைப் பட்டை வாங்கி, மறுநாள் விடிந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன், வெளியே செண்பகா தவழ்ந்து வந்து கதவைத் தட்டித் தட்டி விளையாடுகிறாள், இரண்டு கோடு, முதல் தடவை அந்த இரண்டு கோட்டைப் பார்த்து அழுதுகொண்டே சிரித்தவள் இவள்தானா என்று கண்ணாடியில் பார்க்கிறேன், சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை, டாக்டர் ஆவுடையப்பனின் குரல்தான் வந்தது. நான் திரும்பி வந்த முதல் நாள், அதிகம் பேசாத அந்த மனிதர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, வந்துட்டியா, இனி ரெண்டு மூணு வருசத்துக்கு எங்கயும் போயிராத தாயி என்று சிரித்தார், நானும் சிரித்து, போக மாட்டேன் சார் என்றேன், வாக்குக் கொடுத்த மாதிரி தலையை வேறு ஆட்டினேன்.

டாக்டராவது பரவாயில்லை, ஷாகிதாக்கா இருக்கிறாளே, எக்ஸ்ரே எடுக்க இந்த சென்டரில் நாங்கள் இரண்டு பேர்தான், நான் விடுப்பில் இருந்த ஆறு மாதமும் ஒற்றை ஆளாக நின்றவள், காய்ச்சலோடும் வந்தவள், அதற்கு அவள் டாக்டரிடம் கேட்டது ஒன்றே ஒன்று, சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கிற அவள் கணவர் ரசூல் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் வருகிறார், இந்த முறை அவர் வரும்போது தனக்கு நாற்பத்தைந்து நாள் விடுப்பு, அவ பிரசவம் முடிஞ்சு வந்ததும் நீ போலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார், அவர் வருகிற தேதியைச் சுவர்க் காலண்டரில் பச்சை மையால் அவள் வட்டம் போட்டிருந்தாள், வட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. கருவுற்றவள் எக்ஸ்ரே அறைக்குள் போகக் கூடாது, வாசலில் நாங்களே ஒட்டி வைத்த அறிவிப்பு அது, நான் வாயைத் திறந்தால் அறைக்குள் போக அவள் ஒருத்திதான் மிஞ்சுவாள், பச்சை வட்டம் அழிந்துபோகும்.

என் கணவர் பரமகுருவிடம் சொன்னபோது அவர் செண்பகாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார், கை ஒரு கணம் நின்றது, பிறகு சிரித்தார், வேலைய விட்டுட்டாப் போச்சு, ரெண்டையும் ஒண்ணா வளத்துருவோம், இதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க என்றார், அவர் நல்லபடியாகத்தான் சொன்னார், ஆனால் எனக்கு எங்கோ சுருக்கென்றது, வேலையை விடுவது அவருக்கு அவ்வளவு லேசாகத் தெரிகிறது, ஒரு எலும்பின் நிழலைப் பார்த்து எங்கே முறிந்திருக்கிறது என்று டாக்டர் சொல்வதற்கு முன்பே சொல்லத் தெரிந்தவள் நான், அதை விட்டுவிட்டால் நான் யார். அவரிடம் சொல்லாத பயம் ஒன்று வேறு இருந்தது, இரண்டு வாரத்துக்கு முன்னால் ஊஞ்சலிலிருந்து விழுந்த ஒரு சின்னப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள், முழங்கை வீங்கியிருந்தது, பிள்ளை அசையாமல் இருக்க யாராவது பிடிக்க வேண்டும், தாய் தயங்கித் தயங்கி, நான் முழுகாம இருக்கேன் மேடம் என்றாள், ஐயோ, நீங்க வெளிய இருங்கம்மா, நான் பிடிச்சுக்கிடுதேன் என்று ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு நான்தான் பிடித்தேன், அன்றைக்கு எனக்குள்ளும் ஒன்று இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை, கவசம் போதும் என்று எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன், இப்போது அதே சொல்லை எனக்குச் சொன்னால் மனம் நம்ப மறுக்கிறது. செங்கோட்டையிலிருந்து வருகிற பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துக் கண்ணயர்கிறேன், கனவில் அந்த ஈயக் கவசம் ஈரத்துணி போல உடம்போடு ஒட்டிக்கொண்டு கழற்ற வரவில்லை, டாக்டர் ஒரு படத்தை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து இது யாருது, யாருது என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வருகிறார், என் முறை வருகிறது, பழைய பஸ் ஸ்டாண்ட் எல்லாம் இறங்கு என்ற கண்டக்டரின் சத்தத்தில் விழித்துக்கொள்கிறேன்.

ஆறாவது நாள் ஷாகிதாக்காவுக்குப் பொறுமை போய்விட்டது, ஆறு மாசம் ஒத்தையா மாடு மாதிரி உழைச்சேன், நீ வந்து கவர் அடுக்குத, பிள்ளை பெத்துட்டு வந்தா உடம்பு வணங்காதோ, இன்னிக்கு மத்தியானம் பூரா நீதான் எடுக்கணும், நான் உக்காரப்போறேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள், சொல்ல வேண்டிய நேரம் அது, வாய் வரைக்கும் வந்தது, அவள் தலைக்கு மேலே காலண்டர், அதில் அந்தப் பச்சை வட்டம், நான் உள்ளே போனேன், மூன்று பேருக்கு எடுத்தேன், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் யாரும் கவசம் போட்டுக்கொள்வதில்லை, நான் போட்டுக்கொண்டேன், பொத்தானை அழுத்தும்போது ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டேன், வீட்டுக்கு வந்து செண்பகாவை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், ஒரு லீவுக்காக, ஒரு வேலைக்காக, என்ன செய்துவிட்டேன்.

ஒன்பதாவது நாள், ஷாகிதாக்கா மத்தியான லுஹர் தொழுகைக்கும் சாப்பாட்டுக்குமாக வீட்டுக்குப் போயிருந்த நேரம், பைக்கிலிருந்து சறுக்கி விழுந்த ஒரு கல்லூரிப் பெண்ணைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள், தோள்பட்டை எலும்பு, முகமெல்லாம் வெளிறியிருந்தது, டாக்டரே அறையைவிட்டு வெளியே வந்து, சீக்கிரம் எடும்மா, ஆஸ்பத்திரியில காத்திருக்காங்க என்றார், நான் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், கை திருப்ப மாட்டேன் என்கிறது, என்னம்மா என்கிறார், நான் உள்ள போகக் கூடாது சார் என்று என் குரல் சொல்வதை நானே கேட்கிறேன், ஏன் என்கிறார், முழுகாம இருக்கேன் சார். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள், டாக்டர் என்னைப் பார்த்தார், பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார், ஆணியில் தொங்கிய கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு அவரே உள்ளே போனார், படம் பார்த்துச் சொல்கிறவர், பொத்தானை அழுத்தி எத்தனை வருடம் ஆயிற்றோ, எக்ஸ்ரே பிளேட்டை வைத்த பக்கம் தவறு, திறந்த கதவுக்கு வெளியே நின்று, சார், இடது பக்கம், இன்னும் மேல, அந்தப் பிள்ளை தாடையக் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்க என்று நான் சொல்லச் சொல்ல அவர் செய்தார், கதவைச் சாத்தி எடுத்த முதல் படம் கலங்கி வந்தது, இரண்டாவது நன்றாக வந்தது.

பிறகு அறைக்குக் கூப்பிட்டார், உட்காரச் சொன்னார், நான் நின்றேன், எத்தனை நாளாத் தெரியும், ஒம்பது நாள் சார், இந்த ஒம்பது நாள்ல உள்ள போனியா, ஒரு மத்தியானம் சார், மூணு பேருக்கு. மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார், எட்டு வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, படிச்ச பிள்ளைதானே நீ, ஊருக்கெல்லாம் சொல்லுத, உனக்குத் தெரியாதா, என்ன பயம், நான் என்ன கடிச்சுத் தின்னுருவனா என்றார், வேலை போயிரும்னு பயந்தேன் சார் என்றேன், அப்போதுதான் அழுகை வந்தது, ஒன்பது நாள் அழுகையும் சேர்ந்து. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், சந்தோசம்னு நான் பொய் சொல்ல மாட்டேன், எனக்குக் கஷ்டம்தான், ஆளு கிடைக்காது, உன்ன மாதிரி ஆளு கிடைக்கவே கிடைக்காது, ஆனா வேலை போகாது, லீவும் உண்டு, நீ கேக்கணும்னே இல்ல, அது உனக்குச் சேர வேண்டியது, நீ முன்னாடியே சொல்லியிருந்தா அந்த ஒரு மத்தியானம் மிச்சமாயிருக்கும் என்றார். தடுப்புக்குப் பின்னால் நின்றதாலும் கவசம் போட்டதாலும் பயப்பட ஒன்றும் இருக்காது என்று மெதுவாக விளக்கிச் சொல்லி, அவரே ஸ்கேன் பார்த்தார், கரு வளர்கிற பை தெரிகிறது, உள்ளே ஒரு சின்ன வட்டம், அவ்வளவுதான், துடிப்பு தெரிய நாள் ஆகவில்லை, ரெண்டு வாரம் கழிச்சுப் பாப்போம் என்றார், அந்த இரண்டு வாரத்தை எப்படிக் கடப்பது என்று அவர் சொல்லவில்லை.

ஷாகிதாக்கா திரும்பி வந்தபோது கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவளைத் தவிர, டார்க் ரூம் என்று நாங்கள் இன்னும் பழைய பெயரிலேயே கூப்பிடுகிற சாமான் அறைக்கு அவளை அழைத்துப்போய்ச் சொன்னேன், என் லீவை விட்டுத் தர மாட்டேன் பாத்துக்கோ என்றாள், தர வேண்டாம்க்கா, டாக்டரே எடுக்கேன்னு சொல்லிட்டாரு, நான் வெளிய நின்னு சொல்லுவேன் என்றேன், சரி என்று திரும்பியவள் நின்றாள், ஏளா, அன்னைக்கு உன்னைய உள்ள போகச் சொன்னேனே, அப்ப உனக்குத் தெரியுமா என்றாள். தெரியும்க்கா. தெரிஞ்சா போன. பச்சை வட்டத்தைப் பற்றிச் சொன்னேன், சொல்லி முடிப்பதற்குள் அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள், பாவி, சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா, அந்தப் பழியை ஏன் என் தலையில போட்ட, ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா நான் எந்த முகத்தை வச்சிக்கிட்டுத் தொழுவேன் என்று என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள், அடித்த கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டாள். அன்று மாலை டாக்டரிடம் போய், நாற்பத்தைந்தை முப்பதாக்கிக்கொள்கிறேன், அதற்குமேல் ஒரு நாளும் குறைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள், விடுப்புக்குப் போகிற நாள் வரையிலும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கண் முதலில் என் வயிற்றுக்குப் போய்விட்டுத்தான் முகத்துக்கு வந்தது.

இரண்டு வாரம் கழித்து அந்தக் காலை, நான் படுத்திருக்கிறேன், வயிற்றில் ஜெல்லின் குளிர்ச்சி, பரமகுரு கதவோரம் பிள்ளையோடு நிற்கிறார், டாக்டர் தேடுகிறார், தேடிக்கொண்டே இருக்கிறார், நான் அவர் முகத்தையே பார்க்கிறேன், திரையைப் பார்க்கத் தைரியம் இல்லை, பிறகு திரையை என் பக்கம் திருப்பினார், ஒரு பொட்டுக்குள் ஏதோ மின்னி மின்னி அணைந்தது, நல்லா துடிக்கி என்றார், அவ்வளவுதான் சொன்னார். ஜெல்லைத் துடைத்து எழுந்திருப்பதற்குள் என் போன் அடித்தது, ஷாகிதாக்கா, எடுத்ததும் குரலைத் தாழ்த்தி, துடிக்குதா என்று மட்டும் கேட்டாள், துடிக்குதுக்கா என்றேன், அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, பிறகு அவள் வழக்கமான அதட்டல் குரலில், சரி, போனை வையி, குத்தால அருவிக்குக் கிளம்பி அரை மணி நேரமா இந்த மனுசன வாசல்லயே நிறுத்தி வச்சிருக்கேன், இனி நாங்க போயிக் குளிச்சிட்டு வாறோம் என்றாள்.