தொடாமல் இருபது விநாடி

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் நாத்தனாருக்குக் குடலில் அறுவை நடந்தபோது தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். அங்கே செயற்கைச் சுவாசக் கருவிகளைக் கவனித்துக்கொள்ளும் பெண், டீ குடிக்க வெளியே வந்தபோது சொன்னாள்: “சிலப்போ மெஷின் ஏமாறும் சேச்சி. குழாயில வெள்ளம் ஆடினாலும், நோயாளிதான் மூச்சு கேக்கறார்னு நினைச்சுக்கும்.”

கேட்டபோது அது ஒரு தகவல். மட்டாஞ்சேரி வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான், அந்த வெள்ளத்தை, குழாயில் தேங்கும் அந்தத் தண்ணீரை, நம்பிய ஒருத்தி இருந்தால் என்று தோன்றியது. மீதி எல்லாம் நான் சேர்த்தது. அந்தப் பெண்ணை மட்டும் மஞ்சுஷா என்று பெயர் மாற்றி அப்படியே எடுத்துக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘பாண்டித்துரையின் நெஞ்சு கடலைப் போல ஏறி—’

வேண்டாம். வல்லார்பாடம் துறைமுகத்துக்குப் போகும் கப்பல்களைத் தினமும் பார்க்கிற ஊரில் எதை எழுதினாலும் கடல் வந்துவிடுகிறது.

இரண்டாவது: ‘மூளைத்தண்டு என்பது கட்டைவிரல் பருமன்...’ இது பாடம். ஒரு பத்தி பிறகு தேவைப்படும்.

மூன்றாவது: ‘பொன்மணி தொட்டால் அவன் மூச்சு எடுத்தான்.’

இது இருக்கட்டும். பொய்தான், அவளுக்குப் பொய் இல்லை.

3

பொன்மணி ஜூ டவுன் பக்கம் ஒரு கிடங்கில் சுக்கு தரம் பிரிக்கிறாள். புருஷன் பாண்டித்துரை அதே கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். பத்து நாளைக்கு முன் சுமையை இறக்கிவிட்டு, “தலை சுத்துது” என்று உட்கார்ந்தவன்தான். பின்மூளையில் ரத்தக் கசிவு. அறுவை முடிந்து, மயக்க மருந்தை நிறுத்தியும் மூன்று நாளாகிறது. கண் திறக்கவில்லை. தானாக மூச்சு எடுக்க ஆரம்பித்தால் நம்பிக்கை உண்டு, இல்லாவிட்டால் வேறு பேச்சுப் பேச வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவனுக்குப் பொருத்தியிருந்த சுவாசக் கருவியின் திரையில் ஒவ்வொரு மூச்சும் ஓர் அலை. நோயாளியே தொடங்கிய மூச்சு என்றால் அலையின் அடியில் சின்னதாகப் பச்சைக் குறி விழும். நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தாள். மாலை நாலு மணிப் பார்வை நேரத்தில், அவன் கடைவாயில் வழிந்த எச்சிலைப் பொன்மணி துடைத்தாள். பச்சை. மறுபடி துடைத்தாள். மறுபடி பச்சை.

“என்னத்தப் பாக்க?” என்றாள் அவனுடைய அக்கா மூக்கம்மாள்.

“நான் தொட்டா அவரு மூச்சு எடுக்காரு மயினி.”

மூக்கம்மாள் தம்பியின் பாதத்தைப் பிடித்து அழுத்தினாள். “ஏலே துரை, அக்கா வந்திருக்கேம்லே.” ஒன்றும் விழவில்லை. “இடுப்புல தூக்கிச் சுமந்தவ நான். எனக்கு ஒண்ணு விடமாட்டான், பொண்டாட்டி வாயத் தொடச்சா வரிசையா விடுவானாக்கும்!”

“மூச்சுலயுமா போட்டி?”

“எந்திரிச்சு வரட்டும். அவனையே கேட்டுக்கிடுதேன்.”

(சந்தேகப்பட ஓர் ஆள் வேண்டும் என்றுதான் மூக்கம்மாளைக் கொண்டுவந்தேன். அவள் பொறாமையோடு வந்து நிற்கிறாள். அப்படியே விட்டுவிட்டேன்.)

இரண்டே நாளில் பள்ளுருத்தியில் அவர்கள் வீட்டைச் சுற்றி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது: பொன்மணி தொட்டால் போதும்.

4

அந்தப் பத்தி. மூளைத்தண்டு ரத்தத்தில் முக்கியமாகக் கவனிப்பது கரியமில வாயுவை. அது கூடினால், மூச்சை இழு என்று நரம்பு வழியாக உதரவிதானத்துக்கு உத்தரவு போகும். கருவி தாராளமாக ஊதிக்கொண்டே இருந்தால் வாயு வெளியேறிவிடும். மூளைத்தண்டுக்கு மூச்சைக் கேட்கக் காரணமே இருக்காது. முடியாமல் கேட்காதவனும் தேவைப்படாமல் கேட்காதவனும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான்.

(இங்கே கல்யாணங்களைப் பற்றி ஒன்றரை வாக்கியம் வந்தது. ‘கேட்கும் முன்பே கொடுத்துவிடுகிறவளின் வீட்டில்—’ நிறுத்திவிட்டேன்.)

5

இரண்டு நாள் விடுப்பு முடிந்து வந்த மஞ்சுஷா, குழாயைக் கழற்றித் தேங்கியிருந்த நீரை ஒரு குப்பியில் வடித்தாள். பொன்மணி வந்ததும் குப்பியைத் தூக்கிக் காட்டினாள்.

“சேச்சி, இது கண்டோ? நீங்க வாய் துடைக்கும்போ குழாய் ஆடும். உள்ள நிக்கற வெள்ளமும் ஆடும். மெஷின் அத சேட்டனோட மூச்சுன்னு எடுத்துக்கிட்டது.”

“அப்ப ஒண்ணுகூட அவரு எடுத்தது இல்லியா?”

“அறியில்லா சேச்சி. அது இப்போ பாக்கணும். காலையிலேந்து மெஷினோட உதவியக் குறைச்சிருக்கு. வாயு கொஞ்சம் கூடியிருக்கு. இனி மெஷின் இருபது செகண்ட் சும்மா நிக்கும். சேட்டன் எடுக்கலைன்னா அதுவே கொடுக்கும், பேடிக்கண்டா, பயப்படாதீங்க. ஆனா ஆரும் தொடக்கூடாது, கேட்டோ.”

“கைய எடு பொன்மணி,” என்றாள் மூக்கம்மாள்.

“எடுத்துட்டேன்.”

“முந்தானை படுது.”

இழுத்துச் செருகிக்கொண்டாள். அவன் உயிர் தன் கையில் இருக்கிறது என்று மூன்று நாள் நம்பியவள் இப்போது செய்யக்கூடியது அந்தக் கையை விலக்கி வைத்திருப்பதுதான். அப்போது ஒரு நினைப்பு வந்தது, அவளுக்கே வெட்கமாக இருந்தது: தொடாமலே அவன் எடுத்துவிட்டால், இத்தனை நாள் நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன்?

மஞ்சுஷா பொத்தானை அழுத்தினாள்.

6

ஒரு முடிவு எழுதினேன். பதினோராவது விநாடியில் பச்சை விழுகிறது. “எனக்கு! அது எனக்கு!” என்று மூக்கம்மாள் கத்துகிறாள்.

இன்னொன்றும் எழுதினேன். இருபது விநாடி முடிகிறது. ஒலி எழுப்பிவிட்டுக் கருவியே ஊதுகிறது. மஞ்சுஷா யார் முகத்தையும் பார்க்காமல் குறித்துக்கொள்கிறாள்.

இரண்டையும் எடுத்துவிட்டேன். முதலாவது, எனக்குப் பொன்மணியைப் பிடித்துப்போனதால் வந்தது. இரண்டாவது, பிடித்துப்போனது உங்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று வந்தது. இரண்டிலும் குழாயை ஆட்டியது நான்.

பதினான்காவது விநாடி. அலை இல்லை, திரையில் கோடு நேராகப் போகிறது. பொன்மணி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, திரையைப் பார்க்காமல் அவனைப் பார்க்கிறாள். இதற்குமேல் நான் எழுதினால் அது அவன் எடுத்ததாக இருக்காது.

பதினைந்து. நீங்களும் எதையும் தொடாமல் இருங்கள்.